புறம்போக்குக் காட்டில் ஒரு மான்

நவம்பர் 15, காலை ஐந்தே கால் மணி. மிச்சிகன் மாநிலத்தின் வடகிழக்கில், ஹியூரான் தேசியக் காட்டின் ஓரத்தில் ஒரு மண் தரை. வண்டிகள் நிறுத்துவதற்காகச் செதுக்கிவிட்ட இடம். காரின் திரை 21 டிகிரி என்றது. நம் கணக்கில் மைனஸ் 6. எனக்கு முன்பே மூன்று பிக்கப் வண்டிகள் வந்து நின்றிருந்தன. ஒன்றின் பின்கதவில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், என் நெற்றி விளக்கைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "எந்தப் பக்கம் போறீங்க?"

"ஏரிக்கு வடக்கே, ஓக் மேட்டுக்கு."

"சரி. நான் தெற்கே, சதுப்புப் பக்கம். ஒருத்தருக்கொருத்தர் இடைஞ்சல் இருக்காது. பத்திரமா போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர் பல வருடங்களாக அங்கே வருகிறவராக இருக்க வேண்டும்; இருட்டிலும் வழி தெரிந்த நடை. எனக்கோ வாழ்க்கையின் முதல் வேட்டை நாள். இந்த நாட்டின் குடியுரிமைகூட என்னிடம் இல்லை, கிரீன் கார்டு மட்டும்தான். ஆனாலும் அவர் "இது என் இடம்" என்று சொல்லவில்லை, நீ யார் என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு சீசன் போன பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே புறம்போக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பட்டா இல்லாத நிலம்: கண்மாய்க்கரை, மேய்ச்சல் காடு, களம், சுடுகாடு. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் ஆனது. இன்னொன்று, மனிதனைத் திட்டும் வசவு. ஊருக்கே பொதுவான நிலத்தின் பேர் எப்படி வசவாயிற்று என்று யோசித்தால் எனக்கு மனம் வலிக்கும். சின்ன வயதில் ஆடு மேய்த்த இடம் முழுக்கப் புறம்போக்கு. இப்போது போனால் முள்வேலியும் பிளாட் கற்களும்தான்.

நான் மான் தேடி நடக்கும் இந்தக் காடும் அப்படிப்பட்டதுதான். இது முதலில் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் பூமி. அவர்களிடமிருந்து ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மர வியாபாரிகள் வந்தார்கள். வெள்ளைப் பைன் மரங்களை ஒட்ட வெட்டி, ஒ சேபிள் ஆற்றில் மிதக்கவிட்டு, ஹியூரான் ஏரிக்கரை மில்களுக்குக் கொண்டுபோனார்கள். மரம் தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் கிடந்த கிளையும் சருகும் வருடாவருடம் எரிந்தன. 1911 ஜூலையில் ஆற்று முகத்திலிருந்த ஒஸ்கோடா, ஒ சேபிள் என்ற இரண்டு ஊர்களும் நெருப்பில் போயின. அப்புறம் மலிவாகக் கிடைக்கிறது என்று நம்பி விவசாயிகள் வந்தார்கள். வெறும் மணல், ஏதும் விளையவில்லை. வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி யாரும் வேண்டாம் என்று கைவிட்ட நிலங்களும் சேர்ந்துதான் அரசாங்கத்தின் கைக்கு வந்து காடானது. 1930களில் வேலையில்லாத இளைஞர்களை முகாம் போட்டுத் தங்கவைத்து, கோடிக்கணக்கில் கன்று நட்டார்கள். வரிசை பிடித்து நிற்கும் சிவப்புப் பைன்களைப் பார்க்கும்போது அந்தக் கைகள் நினைவுக்கு வரும். வரி கட்டாமல் போன நிலம், கணக்குக்கு வெளியே விழுந்த நிலம். எங்கள் ஊர் மணியக்காரர் எழுதியிருந்தால் புறம்போக்கு என்றுதான் எழுதியிருப்பார்.

வேட்டைக்குள் நான் வந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு குளிர்காலத்தில் வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார், மான் தொடைக்கறி. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்காவாக வறுத்தேன். ஒரு கிண்ணத்தில் அவருக்கும் கொண்டுபோனேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "எங்கே கிடைத்தது என்று பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். முழங்கால் கெட்டுப்போனதால் அவரால் காட்டுக்குள் நடக்க முடியாது. தன் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துத்தான் எனக்கு முழுப் பாடமும் நடத்தினார்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது பதறிவிட்டார். "ஏம்ப்பா, மானைச் சுட்டா ஜெயில்ல போட்டுருவாங்கப்பா!" நம் ஊரில் அது சரிதான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மிச்சமிருக்கும் காடும் மானும் அவ்வளவு குறைவு. இங்கேயும் ஒரு காலத்தில் அந்த நிலைமைதான். மான்கறியை ரயில் ரயிலாக நகரத்துக்கு ஏற்றி விற்றதில், 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியது என்பார்கள். அப்புறம் காட்டுக்கறி விற்பதைத் தடுத்தார்கள், சீசன் வைத்தார்கள், லைசென்ஸ் வைத்தார்கள். இன்றைக்கு 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். இன்றும் சுட்ட மானின் கறியை ஒரு துண்டுகூட விற்க முடியாது. கொடுக்கலாம், தின்னலாம். உணவகத்தில் மான்கறி என்று வருவது பண்ணையில் வளர்த்தது. மிச்சிகனின் இரண்டு தீபகற்பங்களில் இந்தக் காடு இருக்கும் கீழ்த் தீபகற்பத்திலிருந்து ஓநாய்க் கூட்டங்கள் ஒழிக்கப்பட்டு வெகு காலமாயிற்று. மான்கள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்து தீர்க்கும் பகுதிகள் நிறைய. அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். "எதுக்கும் பேப்பரெல்லாம் சரியா வெச்சுக்க" என்றார்.

பேப்பர் விஷயம் எளிது. மிச்சிகனில் 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நான் பாடத்தை இணையத்தில் படித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நேரில் போய்ச் செய்முறையையும் முடித்தேன். நான் வாங்கியபோது அடிப்படை லைசென்ஸ் 11 டாலர், மான் லைசென்ஸ் 20 டாலர். விசாவில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரு வார்த்தை: தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆனால் வக்கீலைக் கேட்காமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வில்லோடு தொடங்குவதும் நல்ல வழிதான்.

வகுப்பில் சொன்ன நாலு விதிகளை மட்டும் இங்கே திரும்பச் சொல்கிறேன். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினை. குழல் வாயை ஆபத்தில்லாத திசையில் வை. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. சுடப்போகும் நொடி வரை விரலை விசைக்கு வெளியே வை. பொதுக் காட்டில் மூன்றாவது விதிதான் உயிர். எந்தப் புதருக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலாடையோ தொப்பியோ போட்டாக வேண்டும் என்ற சட்டமும் அதனால்தான். மானின் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது. மனிதனுக்கு இருநூறு கஜத்திலும் தெரியும்.

முதல் வருடம் நாலு நாள் உட்கார்ந்தேன். பார்த்தது ஒரே ஒரு வாலை.

ஹோய்ஸ்ட் லேக்ஸ் என்ற பகுதியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அல்கோனா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), பத்தாயிரம் ஏக்கருக்கு மேல், மோட்டார் வண்டி எதுவும் உள்ளே போகக்கூடாத, கால்நடையாக மட்டுமே போகக்கூடிய காடு. பனியாறுகள் விட்டுப்போன மேடுகள், நடுநடுவே சின்ன ஏரிகள். ஆஸ்பென், ஓக், பைன், தாழ்வில் சீடர் மரச் சதுப்பு. வண்டி போகாத இடத்தில் கூட்டம் குறையும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தார். அது சரியாகவே இருந்தது. தப்பு எல்லாம் என் பக்கம். முதல் நாள் கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் நடந்து வேர்த்துவிட்டேன். எட்டு மணிக்கெல்லாம் அந்த வேர்வை பனிக்கட்டி மாதிரி முதுகில் ஒட்டியது. நடக்கும்போது ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு, உட்காரும் இடத்துக்குப் போன பிறகுதான் போட வேண்டும். அந்த ஜாக்கெட்டின் நைலான் துணியும் கையை அசைத்தாலே சரசரத்தது. காட்டின் நிசப்தத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்று நகரத்துக் காதுக்குத் தெரிவதில்லை.

பெரிய தப்பு காற்று. வடமேற்கிலிருந்து வீசியது. நான் ஓக் மேட்டின் உச்சியில், ஒரு மரத்தில் சாய்ந்து, சதுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சதுப்பு எனக்குத் தென்கிழக்கே. மான்கள் பகலில் படுத்திருந்தது அங்கேதான். என் உடம்பு வாசனை முழுவதையும் காற்று நேராக அவற்றின் மூக்குக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம், லாரி டயரிலிருந்து காற்றைத் திடீரென்று திறந்துவிட்டது போல. திரும்புவதற்குள் வெள்ளை வால் ஒன்று கொடி மாதிரி நிமிர்ந்து ஆடிக்கொண்டே பைன்களுக்குள் போய்விட்டது. மூக்கால் ஊதி எச்சரிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் அந்தப் பக்கத்து மான்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது என்று பொருள்.

அதே நாள் பத்து மணி வாக்கில் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் எனக்கு நூறு கஜம் முன்னால் நடந்து போனார். எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தவன் நான். அன்று இரவு பெரியவரிடம் போனில் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவருக்கும் அது சொந்தக் காடுதானே? காலையில் வந்தவர்கள் எல்லாம் குளிர் தாங்காமல் பத்து, பதினொரு மணிக்கு எழுந்து வண்டிக்கு நடப்பார்கள். அப்போது மான் நகரும். நீ எழுந்திருக்காதே." தனியார் நிலத்தில் மானின் வழி தெரிந்தால் போதும். பொது நிலத்தில் மனிதர்களின் வழியும் தெரிய வேண்டும். இதைவிட உபயோகமான ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த மார்ச்சில், பனி உருகிய முதல் வாரத்திலேயே போனேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது: வேட்டை நவம்பரில் நடப்பதில்லை, மார்ச்சில் நடக்கிறது. இலையும் புல்லும் எழும்புவதற்கு முன்னால், போன இலையுதிர்காலத்தின் எழுத்தெல்லாம் தரையில் அப்படியே இருக்கும். கிடாக்கள் கொம்பை உரசிப் பட்டையை உரித்த மரங்கள் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும். தாழ்ந்த கிளைக்கு அடியில் குளம்பால் கிளறிச் சிறுநீர் கழித்து வைத்த வட்டங்கள் இருக்கும். புழுக்கை, அசல் ஆட்டுப் புழுக்கைதான், கொஞ்சம் நீளம். இதையெல்லாம் ஆடு மேய்த்த கண் உடனே பிடித்துக்கொண்டது, எனக்கே அது பெரிய மகிழ்ச்சி.

போனில் ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலி வைத்திருக்கிறேன். எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று எல்லைக்கோடு காட்டும். உயரம் காட்டும் கோடுகளும் உண்டு. அதில் அந்தக் கோடுகள் நெருங்கி நிற்கும் மேடுகள் இரண்டு, நடுவே ஒரு தாழ்ந்த கழுத்து. நேரில் போய் நின்றால் அந்தக் கழுத்து வழியாக மூன்று ஒற்றையடித் தடங்கள் ஒன்றுசேர்ந்து சதுப்பிலிருந்து ஓக் மேட்டுக்கு ஏறின. மேட்டில் இருவகை ஓக். இரண்டிலும் ஒவ்வொரு கொட்டை பொறுக்கிக் கடித்துப் பார்த்தேன். சிவப்பு ஓக் கொட்டை வாயைக் கட்டிப்போடும் துவர்ப்பு. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மெல்ல முடிந்தது. மானுக்கும் அதுதான் பிடிக்கும். காய்க்கிற வருடத்தில் வெள்ளை ஓக் அடியைத்தான் முதலில் காலி பண்ணும்.

காற்றைப் படிக்கவும் அந்த வருடம் கற்றுக்கொண்டேன். இங்கே சாலையோரத்தில் மில்க்வீட் என்று ஒரு செடி. காய் வெடித்தால் உள்ளே பட்டுப்போன்ற பஞ்சு, ஒவ்வொரு இழையிலும் ஒரு விதை. பார்த்ததும் எனக்கு எருக்கங்காய்தான் நினைவுக்கு வந்தது, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். செப்டம்பரில் நாலைந்து காய்களைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். காட்டில் உட்கார்ந்து ஒரு இழையைப் பறக்கவிட்டால் காற்று போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் மாதிரி கீழே இறங்குகிறது. வெயில் சரிவில் பட்டுச் சூடேறியதும் அதே காற்று மேலே ஏறுகிறது. செல்போனில் "வடமேற்குக் காற்று" என்று போட்டிருந்தாலும் பள்ளத்துக்குள் பஞ்சு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என் முகத்துக்கே திரும்பி வந்த நாள் உண்டு. அன்றைக்கு அந்த இடத்தில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் வருடம் மூன்றாம் நாள், நவம்பர் 17. முந்தைய இரவு லேசாகப் பனி விழுந்திருந்தது. கழுத்துக்கு வடகிழக்கே, சரிவில், விழுந்து கிடந்த ஒரு பைனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பஞ்சு எனக்குப் பின்பக்கமாக, ஏரியை நோக்கிப் போயிற்று. ஏரியில் மான் இருக்காது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம் என்பது இங்கே சட்டம். அங்கே அந்த நாளில் சூரியன் ஏழரை வாக்கில்தான் வரும். எட்டு, ஒன்பது, பத்து. விரல்கள் மரத்தன. தெற்கே எங்கோ வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ கிளம்புகிறார்கள். எழுந்திருக்காதே என்ற குரலை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

பத்து நாற்பதுக்குச் சதுப்பு ஓரத்தில் ஒரு கிடைக்கோடு தெரிந்தது. காட்டில் எல்லாமே நெடுக்குக் கோடு. கிடைக்கோடு ஒன்று தெரிந்தால் அது விழுந்த மரம், இல்லையென்றால் முதுகு. முதுகுதான். இரண்டு பெட்டை மான்கள், ஒன்றன்பின் ஒன்றாக. என்னிடம் கொம்பில்லாத மானுக்கான லைசென்ஸ் இருந்தது. முன்னால் வந்தது பெரியது. பத்து அடி நடக்கும், நிற்கும், காதை ஒவ்வொன்றாகத் திருப்பும், தலையைக் குனிவதுபோல் பாவனை காட்டிவிட்டுச் சட்டென்று நிமிரும். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தபோது துப்பாக்கியைத் தூக்கினேன். ஐம்பத்தைந்து கஜம். பக்கவாட்டில் நின்றது. ஆனால் இரண்டாவது மான் அதற்கு நேர் பின்னால். சுட்டால் குண்டு இரண்டையும் துளைக்கும். விரலை விசைக்கு வெளியிலேயே வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஸ்கோப்பின் கண்ணாடியில் என் மூச்சு படிந்து மறைந்தது நினைவிருக்கிறது. பின்னால் நின்றது இரண்டு அடி எடுத்துவைத்து மேட்டுப் பக்கம் விலகியது. முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு. பெரியவர் மேசையில் பென்சிலால் வரைந்து காட்டிய இடம். சத்தம் என் காதில் விழவே இல்லை.

அது பின்னங்காலை உதைத்துவிட்டு ஓடியது. மற்றது வாலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போயிற்று. அப்புறம் நிசப்தம். உடனே பின்னால் ஓடக்கூடாது, அரை மணி நேரம் உட்கார வேண்டும். காயத்தோடு படுத்திருக்கும் விலங்கை எழுப்பிவிட்டால் அது இன்னும் ஒரு மைல் ஓடி வேதனைப்பட்டுச் சாகும். வயிற்றில் பட்டிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் கை நடுங்கியது. குளிரால் இல்லை.

அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் பனியில் இளஞ்சிவப்பாக, நுரையோடு இரத்தம். நுரை என்றால் நுரையீரல், நல்ல அடி. கரும்சிவப்பாக இருந்தால் ஈரல், பச்சையும் நாற்றமும் கலந்தால் குடல். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுபது அடி எடுத்துவைத்தேன். ஒரு பைன் கன்றின் கீழ் கிடந்தது. பின்பக்கமாகப் போய், நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டேன். அசைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தேன். மேல்முடி சொரசொரவென்று குளிர்ந்திருந்தது, விரலை உள்ளே விட்டால் சூடு. குலசாமியை நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. அது அந்த மானுக்குச் சொன்னது, இங்கே எழுத மாட்டேன்.

லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டான டேக்கை வெட்டிக் குறித்து, முதலில் மானில் கட்டினேன். பிறகு கத்தியை எடுத்தேன். வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்தேன். கடைசியில் உதவியது பன்னிரண்டு வயதில் படையலுக்கு வெட்டிய கிடாயின் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் கையைப் பார்த்த நினைவுதான். தோலை மட்டும் கிள்ளித் தூக்கி, கத்தி முனையை மேல்நோக்கி வைத்து, இரண்டு விரலைக் கத்திக்கு அடியில் கொடுத்துக் கீறிக்கொண்டே போக வேண்டும். குடலில் கத்தி பட்டால் கறி கெட்டது. இரைப்பை, குடல், ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய், எல்லாம் அதே இடத்தில், அதே உருவத்தில். ஈரலில் மட்டும் பித்தப்பை இல்லை. ஆட்டுக்கு உண்டு, இந்த மானுக்குக் கிடையாது. அதைத் தேடிச் சில நிமிடம் தடவிக்கொண்டிருந்தேன், கவனமாக அறுத்தெடுக்க வேண்டுமே என்று. இரைப்பையைத் திறந்து பார்த்தேன். மென்ற ஓக் கொட்டைகள், கொஞ்சம் சீடர் இலை. மார்ச்சில் நான் கடித்துப் பார்த்த அதே கொட்டை.

இந்தக் கவுண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1994இல் பக்கத்து அல்பீனா கவுண்டியில் சுடப்பட்ட ஒரு மானிடம் மாட்டுக் காசநோய் இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து இந்த வடகிழக்கு மூலையில் அந்த நோய் காட்டு மான்களிடம் தங்கிவிட்டது. நெஞ்சுக் கூட்டின் உட்பக்கத்திலும் நுரையீரலிலும் பட்டாணி அளவில் கட்டிகள் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன். வழவழவென்று சுத்தமாக இருந்தது. ஆனாலும் தலையை மாநில வனத்துறையின் சோதனைக்குக் கொடுத்தேன். அதற்குக் காசு கிடையாது. கண்ணுக்குத் தெரியாமலும் நோய் இருக்கலாம் என்பதால், முடிவு வரும்வரை கறியைச் சாப்பிடவில்லை. இதைச் செய்யாமல் விடுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொதுக் காட்டில் மானை எடுத்துக்கொண்டவன் அந்தக் காட்டுக்குக் கொடுக்க வேண்டிய தகவல் அது.

குடலை அங்கேயே விட்டேன். கால் மணி நேரத்தில் அண்டங்காக்கைகள் வந்துவிட்டன. அதற்காகவே நான் செம்புக் குண்டு வாங்கினேன். ஈயக் குண்டு உடம்புக்குள் பொடிப்பொடியாக உடையும். அந்தத் துகள்களைக் குடலோடு தின்னும் கழுகுகள் விஷமேறிச் சாகின்றன. நம் தட்டிலும் அந்தத் துகள் வரும். செம்பு விலை அதிகம்தான். ஒரு சீசனுக்கு ஒரு பெட்டி போதும்.

பிளாஸ்டிக் சறுக்குத் தட்டில் கட்டி இழுத்தேன். இரண்டு கிலோமீட்டர், ஏற்றம் இறக்கம், மூன்று மணி நேரம். கடைசி மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞர் எதிரே வந்தார். தன் துப்பாக்கியைத் திறந்து குண்டை எடுத்துவிட்டு, தோளில் மாட்டிக்கொண்டு, கேட்காமலே கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தார். வண்டியில் தூக்கிவைத்த பிறகு நான் அவரிடம் சொன்னது அந்தக் கழுத்து எங்கே இருக்கிறது என்பதை. ஓக் மேட்டுக்குக் கீழே, மூன்று தடம் சேருமிடம். இப்படிப்பட்ட இடத்தை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. எனக்குச் சொல்லத் தோன்றியது, சொன்னேன். சுட்ட மானை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் என்பதால் இரவே பதிந்தேன்.

பெரியவரின் கராஜில் நாலு நாள் தொங்கவிட்டு அறுத்தோம். மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை. ஆறியதும் மெழுகாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் கொழுப்பைத் துளி விடாமல் சீவி எடுக்க வேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சீவினார், நான் எலும்பிலிருந்து பிரித்தேன். சோதனை முடிவில் நோய் இல்லை என்று வந்த அன்று மொத்தத்தில் பாதியை அவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மறுத்தார். மேசையில் நடந்த வகுப்புகளுக்கு இது ஈடே இல்லை என்றேன்.

ஒரு பொட்டலத்தை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன், அம்மாவுக்கு. ஜூன் கடைசியில் வந்தார். கறியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். "கவிச்சியே இல்லை. ஆனா கொழுப்பும் இல்லையேப்பா, நல்லெண்ணெய் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து." சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார், "அந்தக் காடு யாரோடது?"

"எல்லாருக்கும் பொதும்மா. நம்ம ஊர் புறம்போக்கு மாதிரி."

"வெளியாள் போகலாமா?"

"போகலாம்."

"அப்ப நாளைக்குக் கூட்டிட்டுப் போ."

மூன்று மணி நேரப் பயணம். அதே மண் தரையில் வண்டியை நிறுத்தினேன். வேறு வண்டி இல்லை. அம்மா இறங்கிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காட்டைப் பார்க்காமல் நேராகச் சாலையோரச் செடி ஒன்றிடம் போனார். இளஞ்சிவப்புப் பூக்கொத்தோடு இடுப்பு உயரத்துக்கு நின்றிருந்தது. ஒரு இலையைக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் வடிந்தது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எருக்கு இங்க எப்படிப்பா வந்துச்சு?"